"அம்மா, தலை வலிக்குது": சின்னக் குழந்தைக்கு அடிக்கடி வரும் தலைவலி, படிப்படியாக

என் மகனுக்கு ஐந்து வயதில் ஆரம்பித்தது. இப்போது அவனுக்குப் பத்து. இடைப்பட்ட காலத்தில் இங்கே டெல்லி மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியிலும் அக்கம்பக்கத்திலும் ஏழெட்டு அம்மாக்கள் இதே கவலையோடு என் வீட்டுச் சோபாவில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் தடுக்குவது கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். முதல் வாரம் ஸ்கேன், அடுத்த வாரம் கண்ணாடி, அதற்கடுத்து சைனஸ் மருந்து. "வலி எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருது?" என்று கேட்டால் மட்டும் பதில் இருக்காது.

நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னும் பின்னும் வீட்டில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இங்கே. மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: நாற்பது பக்க நோட்டு ஒன்று, தெர்மாமீட்டர், மி.லி. கோடு போட்ட மருந்து சிரிஞ்ச் (ஊசி இல்லாதது), குழந்தையின் இன்றைய எடை. போன வருஷத்து எடை உதவாது. ஏன் என்பது ஏழாவது படியில் வரும்.

1. முதலில் ஆபத்தை விலக்குங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. அதனால்தான் இது முதல் படி.

உடனே கிளம்ப வேண்டியவை: இதுவரை வராத அளவில் சட்டென்று தாக்கும் கடும் வலி. ஜுரத்தோடு தலைவலி, கூடவே கழுத்து விறைத்து முகவாயை மார்பில் தொட முடியாமை, அல்லது எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கக் கலக்கம். வலிப்பு. கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வலி, வாந்தி, சோர்வு. ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது. கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். 112 அல்லது 102க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டியவை: வலி தூக்கத்திலிருந்தே எழுப்புவது. காலையில் எழுந்தவுடன் வலியும் வாந்தியும் திரும்பத் திரும்ப வருவது. இருமினாலோ குனிந்தாலோ அதிகமாவது. படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் கூடும் என்பதால் டாக்டர்கள் இந்தக் கேள்விகளை விடாமல் கேட்பார்கள். நடை தள்ளாடுவது, புதிதாக மாறுகண் விழுவது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, கையெழுத்தோ சுபாவமோ மாறிப்போவது, வாரத்துக்கு வாரம் வலி ஏறிக்கொண்டே போவது, இவையும் இதே பட்டியல்தான். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வலி திரும்பத் திரும்ப வந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

நம் ஊரில் கூடுதலாக இரண்டு உண்டு. ஒன்று, டிபி மூளைக்காய்ச்சல். விளையாட்டில் மனம் ஒட்டாமல், விட்டு விட்டு லேசான ஜுரம், தலைவலி, வாந்தி, எடை குறைவு என்று வாரக்கணக்கில் மெதுவாக வரும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்தால் கேட்காமலே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, இங்கே எல்லாரும் "மூளையில பூச்சி" என்று சொல்வது. அது நாடாப்புழு முட்டையால் வருவது. முட்டை அசுத்தமான கை, தண்ணீர், சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாக உள்ளே போகிறது. "நாங்க சைவம், எங்களுக்கு வராது" என்பது சரியில்லை. பெரும்பாலும் இது வலிப்பாகத்தான் வெளியே தெரியும்.

குளிர்காலத்தில் இன்னொன்றையும் பாருங்கள். வீட்டில் எல்லாருக்குமே ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே வந்தால் சரியாகிறது என்றால், குழந்தையை விட்டுவிட்டு அறையைக் கவனியுங்கள். மூடிய அறையில் எரியும் அங்கீட்டி (குளிர்காய மூட்டும் கரியடுப்பு), காற்றோட்டமில்லாத குளியலறை கேஸ் கீஸர் இரண்டிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதில் எதுவும் இல்லை என்றால் சரி, மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த படிக்கு வரலாம்.

2. சொல்லத் தெரியாத வலியைக் கண்டுபிடியுங்கள்

மூன்று நான்கு வயதில் "தலை வலிக்குது" என்ற வாக்கியமே பல குழந்தைகளுக்கு வராது. தலைமுடியைப் பிடித்து இழுக்கும், தலையைச் சுவரில் சாய்க்கும், முகம் வெளுத்துப் போகும். என் மகன் வந்து என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். நான் அதைக் கொஞ்சல் என்று நினைத்தேன். வெளிச்சம் தாங்காமல் செய்தது என்று புரிய மூன்று மாதம் ஆனது. டிவி போட்டால் வேண்டாம் என்று சொல்லும் ஐந்து வயதுக் குழந்தையை நம்பலாம், அதற்கு நிஜமாகவே வலிக்கிறது.

மைக்ரேனுக்கு நாம் வைத்திருக்கும் "ஒற்றைத் தலைவலி" என்ற பெயர் வேறு நம்மை ஏமாற்றுகிறது. பெரியவர்களுக்குத்தான் மைக்ரேன் பெரும்பாலும் ஒரு பக்கம். சின்னக் குழந்தைக்கு நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும் வலிக்கும். நேரமும் குறைவு. பெரியவர்களுக்கு நான்கு மணி நேரமாவது நீடித்தால்தான் மைக்ரேன் கணக்கு, குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரமே போதும். ஒரு வாந்தி, ஒரு தூக்கம், எழுந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாட்டு. இதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் "நடிக்கிறான்" என்பார்கள். உண்மையில் அந்தத் திடீர்த் தெளிவே மைக்ரேனின் அடையாளங்களில் ஒன்று.

சில குழந்தைகளுக்கு அது வயிற்றில் வரும். தொப்புளைச் சுற்றி வலி, வெளுத்த முகம், சாப்பாட்டில் வெறுப்பு, சில மணி நேரத்தில் தெளிவு என்று திரும்பத் திரும்ப வந்தால், அதையும் தலைவலி நோட்டிலேயே எழுதுங்கள். அப்பா அம்மா யாருக்காவது மைக்ரேன் உண்டா என்பதையும் முதல் பக்கத்தில் குறியுங்கள். "எனக்கு வெயில்ல போனா வலிக்கும், அவ்வளவுதான்" என்று என் கணவர் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதுதான்.

மறுபக்கம், தலையைச் சுற்றிப் பட்டை கட்டின மாதிரி லேசான வலி, வாந்தி இல்லை, விளையாட்டும் நிற்கவில்லை என்றால், அது பெரும்பாலும் இறுக்கத்தால் வரும் சாதாரணத் தலைவலி. அதற்கும் நோட்டு வேண்டும்.

ஒரு காகிதமும் கிரேயானும் கொடுத்து "உன் வலியை வரைஞ்சு காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். என் மகன் ஒரு கட்டிலையும் ஜன்னல் முழுக்கக் கறுப்பாக அடித்த திரையையும் வரைந்தான். அந்தத் தாளை டாக்டர் என் பேச்சைவிட அதிக நேரம் பார்த்தார்.

3. நான்கு வாரம் நோட்டு எழுதுங்கள்

இந்த ஒரு படியை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் ஊகம்தான். வலித்த நாளை மட்டும் எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வலிக்காத நாளுக்கும் ஒரு டிக் போடுங்கள். அப்போதுதான் எத்தனைக்கு எத்தனை என்று தெரியும்.

என் நோட்டிலிருந்து ஒரு நாள்: "செவ்வாய். ஸ்கூலிலிருந்து 2.20. முகம் வெளுப்பு. டிபன் பாதி மிச்சம். தண்ணி பாட்டில் முழுசா அப்படியே. நேத்து தூங்கினது 10.45. வாந்தி 1. மருந்து இல்லை. 3 மணிக்குத் தூங்கினான், 4.40க்கு எழுந்து சைக்கிள் கேட்டான்."

இவ்வளவு போதும். தொடங்கிய நேரம், முந்தின சாப்பாடு, முந்தின இரவுத் தூக்கம், தண்ணீர், மருந்து எத்தனை மி.லி., எப்படி முடிந்தது. அன்றைக்கே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் ஞாபகப்படுத்தி எழுதினால் பாதி கற்பனையாகிவிடும்.

குழந்தையிடம் மணிக்கொரு தரம் "தலை வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். கேட்கக் கேட்க ஆமாம் என்றுதான் சொல்லும். பார்த்து எழுதுங்கள், தானாகச் சொன்னால் எழுதுங்கள்.

ஐந்து வாரத்தில் எங்களுக்குப் பதினோரு வலி. அதில் எட்டு, பள்ளி நாளில், பாட்டில் நிறைந்து திரும்பிய மதியத்தில். "டெல்லித் தண்ணி ஒத்துக்கலை" என்று போனில் சொன்ன என் அம்மாவும் ஒரு வகையில் சரிதான். அவன் அதைக் குடிக்கவே இல்லை!

4. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

நோட்டு காட்டும் இடத்தில் கை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒரு மாற்றம், இரண்டு வாரம், அப்புறம் அடுத்தது.

தண்ணீர். பாட்டிலின் நடுவில் ஒரு வண்ணப் பிளாஸ்திரி ஒட்டி, "டிபன் பெல் அடிக்கும்போது இதுவரைக்கும்" என்று சொன்னேன். ஒரு வாரம் நடந்தது, பிறகு நின்றுவிட்டது. காரணம், பள்ளிக் கழிவறை நாறுகிறது, அதனால் ஒன்றுக்குப் போகாமல் இருக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. பல குழந்தைகள் இதை வாயைத் திறந்து சொல்லாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். போதுமான தண்ணீர் போகிறதா என்பதற்குச் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பதே அளவு. மே மாத வெயிலில் இன்னும் கூடுதலாகக் கொடுங்கள்.

சாப்பாடு. ஆறே முக்காலுக்கு பஸ், ஆறு மணிக்கு அரைத் தம்ளர் பால், அப்புறம் பத்து மணிக்கு டிபன். இரவு எட்டரைக்குச் சாப்பிட்ட குழந்தைக்கு, அந்தப் பாலைத் தவிர, இது பதின்மூன்றரை மணி நேரப் பட்டினி. விடியலில் மூன்று இட்லி இறங்காது, சண்டை போடாதீர்கள். ஒரு வாழைப்பழம், அல்லது நெய்யும் பொடியும் தடவிய ஒரே ஒரு இட்லி. நேரம்தான் முக்கியம், அளவு அப்புறம்.

தூக்கம். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12 மணி நேரம். குருகிராமிலிருந்து அப்பா ஒன்பதரைக்கு வந்து, அவரோடு விளையாடிவிட்டுத் தூங்கும் வீட்டில் இது நடக்காது. எங்கள் வீட்டில் அப்பா விளையாட்டைக் காலைக்கு மாற்றினோம், பஸ் ஸ்டாப் வரை நடப்பதுதான் இப்போது அவர்கள் நேரம். சனி ஞாயிறு பத்து மணி வரை தூங்கவிடுவதும் வலியைக் கிளப்பலாம். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

உணவில் சாக்லேட், சீஸ் என்று நீளமான தடைப் பட்டியல் போடாதீர்கள். ஒரே பொருள் நோட்டில் மூன்று முறை மாட்டினால் மட்டும் நிறுத்துங்கள். ஒன்றே ஒன்று, பாலில் பாட்டி ஊற்றும் அந்த ஒரு ஸ்பூன் டிகாக்ஷன். காப்பி உள்ளே போவதும் நிற்பதுமாக இருந்தால் அதுவே தலைவலி தரும்.

5. கண்ணும் சைனஸும்

கண்ணைப் பரிசோதிப்பது நல்லது, ஆனால் தலைவலிக்குக் காரணம் அதுதான் என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. கடைக் கம்ப்யூட்டரில் பார்த்து எண் எழுதி வாங்காதீர்கள். குழந்தையின் கண் உற்றுப் பார்த்துத் தானாகச் சமாளித்துவிடும், எண் தப்பாக வரும். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்க்கும் கண் டாக்டரிடம் போங்கள். சொட்டு விட்ட பிறகு கொஞ்ச நேரமோ, மருந்தைப் பொறுத்துச் சில நாளோ மங்கலாக இருக்கும். பரீட்சை வாரத்தில் வேண்டாம்.

நெற்றி சைனஸ் ஏழெட்டு வயதுக்கு முன் சரியாக உருவாகியே இருக்காது. ஐந்து வயதுக் குழந்தையின் நெற்றி வலிக்கு சைனஸ் மருந்து எழுதினால், ஏன் என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

6. டாக்டரிடம் போகும் நாள்

முதலில் வழக்கமான குழந்தை டாக்டர் போதும். அவர் அனுப்பினால் குழந்தை நரம்பியல். எய்ம்ஸுக்கு ஆன்லைனில் முன்பதிவு உண்டு. கன்னாட் பிளேஸ் பக்கம் கலாவதி சரண், கீதா காலனியில் சாச்சா நேரு, இரண்டும் குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனைகள்.

மொழி விஷயத்தில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். "மயக்கம் வருது" என்று மகன் சொன்னதை நான் "பேஹோஷ்" என்று இந்தியில் சொல்லிவிட்டேன். டாக்டர் சீட்டில் நினைவு தப்பியது என்று எழுதி, வலிப்புக்கான பரிசோதனைக்கு அனுப்பினார். அவர் மேல் தவறில்லை. தமிழில் மயக்கம் என்றால் தலைசுற்றலும் ஆகும், குமட்டலும் ஆகும், கண் இருட்டுவதும் ஆகும், நினைவு தப்புவதும் ஆகும். போகும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். சுற்றினால் "சக்கர்", குமட்டினால் "ஜீ மிச்லானா", வாந்தி "உல்ட்டி", நினைவே தப்பினால் மட்டும் "பேஹோஷ்". குழந்தையிடமும் "ரூம் சுத்துதா, வாந்தி வர்ற மாதிரி இருக்கா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

பேச்சை விட நோட்டு வேகமானது. முதல் பக்கத்தில் மூன்றே வரி எழுதுங்கள்: மாதத்தில் எத்தனை நாள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எத்தனை நாள் மருந்து. வலி வந்த நேரத்தில் முப்பது வினாடி வீடியோ எடுத்து வைத்தால் அதுவும் உதவும்.

எடை, உயரம், சின்னக் குழந்தையானால் தலைச் சுற்றளவு, குழந்தைக்கான பட்டையில் ரத்த அழுத்தம், கண்ணின் உட்புறம், ஒரே கோட்டில் நடக்கவிட்டுப் பார்ப்பது. இவை நடந்தனவா என்று கவனியுங்கள். ரத்த அழுத்தத்தைத்தான் அதிகம் மறப்பார்கள். கேட்டால் எடுப்பார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, வலி மைக்ரேன் மாதிரியும் இருந்தால், பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. "மனசு நிம்மதிக்கு ஒரு சிடி எடுத்துடலாமே" என்று நீங்களே கேட்காதீர்கள். சிடியில் கதிர்வீச்சு உண்டு. அவசரமில்லாத இடத்தில் எம்ஆர்ஐதான் முதல் தேர்வு. அதிலும் அரை மணி நேரம் அசையாமல் படுக்கச் சின்னக் குழந்தைக்குத் தூக்க மருந்து தேவைப்படும். முதல் படியில் சொன்ன அறிகுறி இருந்தாலோ பரிசோதனையில் ஏதாவது தட்டுப்பட்டாலோ தயங்காமல் எடுங்கள்.

7. வலி வந்த நேரத்தில்

வரிசை இது: வெளிச்சத்தைக் குறை, ஒரு வாய் தண்ணீர் கொடு, மருந்து கொடு, படுக்க வை, தானாக எழும்வரை எழுப்பாதே.

மருந்தை அரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். "பார்ப்போம், தானா போயிடும்" என்று இரண்டு மணி நேரம் இழுத்தால் வாந்தி தொடங்கிவிடும், மருந்து வயிற்றில் நிற்காது. வாந்தி முந்திக்கொள்ளும் குழந்தை என்றால், அதற்கான மருந்தையும் டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி வையுங்கள்.

அளவு எடைக்குத்தான், வயதுக்கு இல்லை. பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 16 கிலோ குழந்தைக்கு 240 மில்லிகிராம். இதில்தான் கண்ணி இருக்கிறது. கடையில் 5 மி.லி.க்கு 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 10 மி.லி. கொடுக்க வேண்டும், இரண்டாவதில் 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. நான் பாட்டில் மாறியது தெரியாமல் இரண்டு மாதம் பாதி மருந்து கொடுத்துவிட்டு, "இவனுக்கு இது கேட்கலை" என்று புலம்பினேன். கீழ் வீட்டு அக்கா இதையே தலைகீழாகச் செய்து இரட்டிப்பு கொடுத்திருக்கிறார். சொட்டு மருந்து பாட்டில் இன்னும் பல மடங்கு கெட்டி, அதைச் சிரப் அளவில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். வாங்கியவுடன் பாட்டில் மேல் பிளாஸ்திரி ஒட்டி, உங்கள் குழந்தைக்கு எத்தனை மி.லி. என்று எழுதுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சுதான்.

இபுப்ரோஃபென் மைக்ரேனுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஏதாவது சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்னால். ஆனால் மழைக்காலம் முடிந்து டெங்கு பரவும் மாதங்களில் ஜுரத்தோடு தலைவலி வந்தால் அதைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும். சளிக்கு வாங்கிய சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், லேபிளைப் படியுங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011லிருந்து இந்தியாவில் தடை, கடைக்காரர் "இது சீக்கிரம் கேட்கும்" என்று எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தைலம்? இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். பெரிய குழந்தைக்கும் மூக்கருகில் பூசாதீர்கள், டப்பாவைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். அதிலிருக்கும் கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரும். என் மாமியார் போட்ட சுக்குப் பற்றில் மகன் நெற்றி இரண்டு நாள் சிவந்து கிடந்தது. ஈரத்துணி போதும். திருஷ்டி சுற்றிப் போடுவதற்கு நான் தடை சொல்வதில்லை, மருந்து கொடுத்த பிறகு சுற்றுங்கள். அந்த மிளகாயை மட்டும் வீட்டுக்குள் எரிக்காதீர்கள், அந்த நெடி மைக்ரேனைக் கிளப்பிவிடும்.

8. மருந்து நாட்களை எண்ணுங்கள்

வலி மருந்தே வலியை உண்டாக்கும். பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து சில மாதம் போனால், தினசரித் தலைவலியில் கொண்டுபோய் விடும். வாரத்துக்கு இரண்டு நாள் என்பது எங்கள் வீட்டு எல்லை. அதைத் தாண்டினால் மருந்தைக் கூட்டாமல் டாக்டருக்குப் போன் செய்வோம்.

மாதத்தில் நான்கைந்து முறை வந்து பள்ளி கெடுகிறது என்றால், தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்தைப் பற்றி டாக்டர் பேசுவார். ஆஸ்துமா இருந்தால் அப்போதே சொல்லுங்கள், சிலவற்றைக் கொடுக்க முடியாது. எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியான சாம்ப் ஆய்வில், இரண்டு பிரபலத் தடுப்பு மருந்துகளில் 52 சதவீதமும் 55 சதவீதமும் பேருக்கு வலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 61 சதவீதம்! மருந்தே வீண் என்று நான் இதைப் படிக்கவில்லை. ஆனால் தூக்கம், தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு என்ற நான்காவது படியை விட்டுவிட்டு மருந்தை நம்பாதீர்கள் என்று படிக்கிறேன்.

9. பள்ளிக்கு ஒரு சீட்டு

டாக்டர் சீட்டின் நகலோடு கிளாஸ் டீச்சருக்கு நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: வகுப்பில் தண்ணீர் குடிக்க அனுமதி, கேட்டவுடன் கழிவறை, வெயிலில் அசெம்பிளி நீண்டால் நிழல், வலி என்றால் மெடிக்கல் ரூமில் இருபது நிமிஷம் படுக்கை. முழு லீவு கேட்காதீர்கள். வலித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று குழந்தை கற்றுக்கொண்டால், எது வலி எது பரீட்சை பயம் என்று நோட்டில் பிரிக்கவே முடியாமல் போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தையை எடை போடுங்கள். கூடியிருந்தால், டாக்டரிடம் கேட்டுப் பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரியில் மி.லி.யை மாற்றி எழுதுங்கள்.